டம்மி பாடுகிறவள்

அந்த ஸ்டுடியோவில் மெட்டு முதலில் பிறக்கும், வார்த்தை பிறகுதான் வரும். இரண்டுக்கும் நடுவில் சில நாட்கள் மெட்டு நடை பழகாத பிள்ளை மாதிரி தள்ளாடிக்கொண்டிருக்கும். அதைக் கைபிடித்து நடத்த, வாய்க்கு வந்த சொற்களைப் போட்டு யாராவது பாடிவைக்க வேண்டும். அதற்கு டம்மி என்று பெயர். கவிஞர் வந்து நல்ல வரிகளாக எழுதிக் கொடுத்ததும் டம்மி வரிகள் போய்விடும். பெரிய பாடகி வந்து பாடிவிட்டுப் போனதும் டம்மி பாடியவளின் குரலும் போய்விடும்.

அப்படி இரண்டு வழியிலும் போய்விடுகிறவள்தான் அவள். ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயரே டம்மி என்று ஆகிவிட்டது. "டம்மி வந்தாச்சா?" "டம்மி சாப்பிட்டாச்சா?" வாசல் காவலாளிகூட, "இன்னைக்கு டம்மி லேட்டு" என்று சொல்லிச் சிரிப்பார். அவளுக்குக் கோபம் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று எப்போதாவது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிப்பாள். பதில் கிடைப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்.

அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படிக்க வைத்தது அக்கா. அக்காவுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. ஆள் உயரத்துக்கு நிற்கும் இயந்திரங்களிலிருந்து ஈரத் துணிகளை வாரி எடுக்க வேண்டும், சூடான உருளைக்குள் விரிப்புகளைக் கொடுத்து வாங்க வேண்டும், பிறகு இரண்டு பேராக நின்று மடிக்க வேண்டும். "என் தங்கச்சி நாற்காலியில உட்கார்ந்து வேலை பார்க்கணும். வேர்க்கக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை" என்று அக்கா கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

ஸ்டுடியோ வேலை மாமா வாங்கிக் கொடுத்தது. மாமா மேடைகளுக்கு லைட் போடுகிறவர். அவருக்குத் தெரிந்த மேலாளரிடம் சொல்லி, போன் எடுக்கவும் ஒலிப்பதிவுத் தேதிகளைக் குறிக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்ற இடத்தில் அவளைச் சேர்த்துவிட்டார். அவள் விடுதியைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாமா வீட்டில் இல்லை. ஒரு சுற்றுப்பயணத்துக்குப் போயிருந்தார். அந்தப் பயணம் முடிந்தது. மாமா வரவில்லை. "இன்னொரு சீசன் இருக்கு" என்றார் போனில். அப்புறம் போனும் நின்றுபோனது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், அங்கே பார்த்தோம், இங்கே பார்த்தோம் என்று மற்ற லைட்காரர்கள் சொன்னார்கள். அக்காவுக்கு அது ஆறுதலா, அடியா என்று தங்கைக்குப் புரியவில்லை.

அவள் டம்மி பாட ஆரம்பித்தது ஒரு விபத்து. வழக்கமாகப் பாடும் பெண்ணுக்குக் காய்ச்சல். மெட்டுப் போடும் மாஸ்டர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, போனை வச்சிட்டு இங்க வா. சுருதி தெரியுமா?" என்றார்.

"தெரியாது மாஸ்டர்."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்கதான் உயிரை வாங்குறாங்க. மெட்டு வாசிக்கிறேன், வாயில வர்றதைப் போட்டுப் பாடு. யோசிக்கக் கூடாது. யோசிச்சா கெட்டுப்போயிடும்."

அவள் வாயில் வந்தது, வரும் வழியில் பார்த்த கடைப் பலகைகள். பல் டாக்டர் மாடியில் இருக்கிறார், இடது பக்கம் படி, செருப்பை வெளியே விடவும் என்று ஒரு காதல் மெட்டுக்கு உருகி உருகிப் பாடினாள். டிரம்ஸ் வாசிப்பவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. "சொல் ஒவ்வொண்ணும் தாளத்துல போய் உட்காருது பாரு" என்றார்.

மாஸ்டர் ஒரு காலத்தில் தானே மேடையேறிப் பாடிப் புகழ்பெற்றவர். அவருடைய பழைய படங்கள் ஸ்டுடியோ நடைவழி முழுக்கத் தொங்கும். எல்லாவற்றிலும் தலைமுடி பறந்துகொண்டிருக்கும். இப்போது அவர் தன் குரலில் வெளியிடும் பாட்டு எதுவும் எடுபடுவதில்லை. மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்தால் மட்டும் தெருவெல்லாம் ஓடும். டீக்கடையில் யாராவது ஒரு புதுப்பாட்டை முணுமுணுக்க, "இது அவர் போட்டதுதான்" என்று இன்னொருவர் சொன்னால், "யாரு, அந்தப் பழைய ஆளா?" என்று கேட்பார்கள். மாஸ்டர் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். "என் குரலைக் கேட்டா ஜனங்களுக்கு அவங்க வயசு ஞாபகம் வருது. அதான் சின்னப் பசங்க வாயில வச்சு அனுப்புறேன்" என்பார். அந்தச் சிரிப்பு முடியும் இடத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

போன் எடுக்கும் வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. டம்மிதான் வேலை என்றாகிவிட்டது. வீட்டில் மட்டும் அவள் இன்னும் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். "ஆபீஸ்ல இன்னைக்கு என்னடி?" என்று அக்கா கேட்டால், "அதே போன், அதே தேதி" என்பாள். அர்த்தமில்லாத வார்த்தைகளைப் பாடுவதற்கு, அதுவும் அழித்துப் போடுவதற்காகப் பாடுவதற்கு, இவ்வளவு படிப்பு எதற்கு என்று அக்கா கேட்டுவிடுவாள் என்ற பயம். பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதானே என்று தனக்குத் தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். அந்த வக்கீல் கெட்டிக்காரர். கடைசி வரை கைவிடவில்லை.

வீடு என்பது ஒரு மாடி அறை. வீட்டுக்காரர் கீழே இருந்தார். மாடிக்கு வெளிப்புறமாக மரப்படி. அறையை ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்பு இரண்டாகப் பிரித்திருந்தது. அந்தப் பக்கம் அடுப்பும் அக்காவின் கட்டிலும், இந்தப் பக்கம் அவளுடைய பாயும் பெட்டியும். வேலை முடிந்து வந்ததும் அக்கா புகை இழுக்கும் மின்விசிறியைப் போட்டுவிட்டு, போனை வாய்க்கு அருகில் பிடித்து மாமாவுக்குப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவாள். விசிறிச் சத்தத்தில் தன் பேச்சு யாருக்கும் கேட்காது என்பது அக்காவின் நம்பிக்கை. கேட்டது. தடுப்பு தரையைத் தொடவில்லை. பாயில் படுத்தால் அக்காவின் குரல் காதுக்கு நேராக வரும்.

முதலில் அவள் காதை மூடிக்கொண்டாள். பிறகு மூடவில்லை. அக்கா திட்டவே மாட்டாள். இன்று உருளை நின்றுபோனது, மெக்கானிக் வந்தான், உங்கள் சட்டைப் பித்தானைத் தைத்துவிட்டேன் என்று செய்தி படிப்பது மாதிரி பேசுவாள். கடைசியில் மட்டும் குரல் இறங்கும், வாங்க என்பது வா என்றாகிவிடும்.

"வந்தா மூணாம் படியை விட்டுட்டு வா. கதவு சும்மாதான் சாத்தியிருக்கு."

மாமா நிகழ்ச்சி முடிந்து வேளைகெட்ட வேளையில் வருகிறவர். மூன்றாவது மரப்படியில் கால் வைத்தால் அது வீல் என்று கத்தும். கீழே வீட்டுக்காரர் விழித்துக்கொண்டால் அவர் வாய் அடங்க அரை நாள் ஆகும். கல்யாணமான நாளிலிருந்து அக்கா அவருக்குச் சொல்லி அனுப்பும் வார்த்தை அது. இதெல்லாம் தங்கைக்கு யாரும் சொல்லவில்லை. தடுப்புக்கு அடியில் வழிந்து வந்த துண்டு துக்காணிகளை வைத்து அவளே புரிந்துகொண்டது.

ஒரு நாள் மாஸ்டர் புது மெட்டு ஒன்றை வாசித்தார். அப்போது கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த ஓர் இளம் பாடகிக்காகப் போட்டது. ஏறி ஏறி வந்து, ஓரிடத்தில் ஒரு தாளம் தாண்டிக் குதிக்கும் மெட்டு. அவள் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்பதுதானே சட்டம். வாயைத் திறந்தாள்.

மூணாம் படியை விட்டு வா
கதவு சும்மா சாத்தியிருக்கு

மாஸ்டரின் கை நின்றது. "மறுபடியும்" என்றார்.

"வேற ஏதாவது போடட்டுமா மாஸ்டர்?"

"போட்டதைப் போடு."

பாடினாள். மூன்றாவது முறை பாடும்போது, வெட்கக்கேடு, சுகமாகவே இருந்தது.

பாடகி வந்தாள். சூயிங்கத்தை வாயின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டாள். கவிஞர் அந்த இடத்துக்கு மழை, நிலா, நதி என்று மூன்று விதமாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். பாடகி எதையும் தொடவில்லை. "இதுல இப்ப இருக்கிற வரி யாருது?"

"அது டம்மிம்மா. தூக்கிடுவோம்" என்றார் மாஸ்டர்.

"தூக்காதீங்க. எனக்கு அர்த்தம் புரியலை. ஆனா பாடணும் போல இருக்கு."

"படியாவது, கதவாவது. வீட்டு புரோக்கர் எழுதின மாதிரி இருக்கு" என்று கவிஞர் முகம் சுளித்தார். பாட்டில் பெயர் தன்னுடையதாகத்தான் வரும் என்றதும் சுளிப்பு கொஞ்சம் விலகியது.

அந்த நிமிஷத்தில் அவள் வாயைத் திறந்திருக்கலாம். இந்த வரிக்கு ஒரு சொந்தக்காரி இருக்கிறாள் என்று ஒரு வாக்கியம் போதும். மைக்கின் கம்பியைச் சுருட்டிக்கொண்டு சும்மா நின்றாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று வக்கீல் சொன்னார். அதோடு, தான் பாடிய ஒன்று முதல்முறையாக அழியாமல் நிற்கப்போகிறது என்ற எண்ணம் நெஞ்சுக்குள் சின்னதாகக் கதகதத்தது. அந்தக் கதகதப்புக்காகப் பின்னால் அவள் தன்னை எவ்வளவு திட்டிக்கொண்டாலும், அன்று அது இருந்தது உண்மை.

பாட்டு வெளியானது. அதன் பிறகு காதுக்கு ஓய்வில்லை. பேருந்தில், முடிவெட்டும் கடையில், எதிர்வீட்டுக் குளியலறையில், பக்கத்து இருக்கைக்காரரின் போன் மணியில் எங்கும் மூணாம் படிதான். கவிஞர் டிவியில் உட்கார்ந்து, காதலுக்கு நான்கு கட்டங்கள் உண்டு, மூன்றாவது கட்டம் சந்தேகம், அதைத் தாண்டி வா என்று காதலி அழைக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு விளக்கினார். பேட்டி எடுத்தவர் நெகிழ்ந்துபோனார்.

அவள் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாள், பார்க்காமல் படுத்தாள். அக்கா வேலை செய்யும் இடத்தில் இயந்திரச் சத்தம்தான் பெரிது, அங்கே பாட்டெல்லாம் கேட்காது என்று நம்பினாள். சலவைப் பிரிவில் அலமாரி மேல் ஒரு ரேடியோ இருப்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு மாலை அக்கா படியேறி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். பையைக் கூட இறக்கவில்லை.

"ஏய், படிப் பாட்டு உங்க மாஸ்டர் போட்டதாமே? ரேடியோல சொன்னாங்க."

"எந்தப் பாட்டு?"

"நடிக்காதடி. ஊரே பாடுது, அதே ஆபீஸ்ல இருக்கிறவளுக்குத் தெரியாதா?" அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "உங்க மாமா இருக்காரு பாரு. நேரா ஒரு வார்த்தை பேசத் துப்பில்லை. ஊரைக் கூட்டிப் பேச வச்சிருக்காரு."

"மாமாவா?"

"பின்ன யாரு? அது நாங்க பேசிக்கிற வார்த்தைடி. எனக்கும் அவருக்கும் தவிர இன்னொரு உயிருக்குத் தெரியாது. உங்க மாஸ்டர் ஷோவுக்கு எத்தனை தடவை லைட் போட்டிருக்காரு. அங்க போய் சொல்லியிருக்காரு. திரும்ப வர்றதுக்கு மூஞ்சி இல்லாம, இப்படிச் சுத்தி வளைச்சு..." அதற்கு மேல் பேச்சு வரவில்லை. சிரிப்பும் வேறு என்னவோவும் ஒன்றாக வந்து அக்காவின் முகம் கோணியது. "இன்னைக்கு மடிக்கிற துணியை அப்படியே விட்டுட்டேன். ஜோடி திட்டுறா, பேய் பிடிச்சுதான்னு."

ஜோடி என்பது அக்காவோடு எதிரே நின்று விரிப்பு மடிக்கிறவள். சலவைப் பிரிவில் அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். வாய் வரை வந்தது. ஆனால் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அக்கா இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். மறுநாள் அக்கா மாமாவின் சட்டைகளைப் பையிலிருந்து எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். அதற்கடுத்த நாள் படிக்கட்டு விளக்கை மாற்றினாள். மின்விசிறியைப் போட்டுக்கொண்டு போனில் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து இப்போது பாட்டுதான் வந்தது, தாளம் தப்பித் தப்பி.

ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது கனத்துக்கொண்டே போனது.

பிறகு அக்கா ஒரு செய்தியோடு வந்தாள். வரும் சனிக்கிழமை பக்கத்து நகரத்தில் அந்தப் பாடகியின் நிகழ்ச்சி. மாமா இருக்கும் கம்பெனிதான் லைட் போடுகிறது என்று பழைய லைட்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அக்காவும் ஜோடியும் லீவு சொல்லிவிட்டார்கள்.

"அவர் கூப்பிட்டாச்சு. இனியும் நான் வீராப்பா உட்கார்ந்திருந்தா நல்லா இருக்காது" என்றாள் அக்கா.

"நானும் வரட்டுமா?"

"புருஷன் பொண்டாட்டி பேசுற இடத்துல உனக்கு என்னடி வேலை?"

மறுநாள் அவள் மாஸ்டரிடம் போனாள். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார். மாமா எங்கே இருக்கிறார் என்று தெரியுமா என்று கேட்டாள்.

"யாரு, உன் மாமாவா? அந்தப் பாடகிப் பொண்ணோட டூர்லதானே இருக்கான். கெட்டிக்காரன்மா. படிப் பாட்டு வரும்போது மேடையை மொத்தமா இருட்டாக்கிட்டு ஒரே ஒரு நீல லைட் போடுவான். ஜனம் கிறங்கிப்போகுது. நானே போய்ப் பார்த்தேன்."

நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாமா அந்த வரியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கேட்டு, அதற்கு விளக்கும் போட்டுவிட்டு, ஒரு போன்கூடச் செய்யாமல் இருக்கிறார்.

"மாஸ்டர், அந்த வரி எங்க அக்காவோடது. அவருக்குச் சொன்னது."

பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. மாஸ்டர் அதைக் கரண்டியால் தேடினார். வெகுநேரம் தேடினார். "கவிஞர் காதுக்குப் போயிடக் கூடாது" என்றார் முதலில். பிறகு அது போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "உங்க அக்காவுக்கு வேணும்னா முன்வரிசையில இடம் சொல்லட்டுமா?"

அவள் நேரே அக்கா வேலை செய்யும் ஹோட்டலின் பின்வாசலுக்குப் போனாள். படித்து முடித்த பிறகு அவள் அங்கே போனதே இல்லை. அக்காதான் வரக்கூடாது என்பாள்.

உள்ளே நீராவியும் சோப்பு வாசனையும் அடர்ந்திருந்தன. ஜோடி நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "பாருடா, ஆபீசர் அம்மா வந்திருக்காங்க" என்றாள். "வந்தது வந்தே, உங்க அக்காவுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு. மயிலிறகு கலர்ல துணி எடுக்கணுமாம், புருஷனைப் பார்க்கப் போறதுக்கு. ரெண்டு பேருக்கும் புதுக் கல்யாணம் பாரு."

"போடி, போய் டவலை எண்ணு" என்றாள் அக்கா. தங்கையின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விரிப்பின் இரண்டு முனைகளை அவள் கையில் கொடுத்தாள். "நின்னுட்டே பேசு. வேலை நிக்கக் கூடாது."

விரிப்பு இருவருக்கும் நடுவில் விறைத்து நின்றது. உருளையிலிருந்து வந்த சூடு இன்னும் அதில் இருந்தது. அக்கா தலையசைத்ததும் இருவரும் நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். அக்கா வாங்கிக்கொண்டாள். அடுத்த விரிப்பு.

"அக்கா, அந்தப் பாட்டை மாமா சொல்லலை."

"மூலையைச் சரியாப் பிடி."

"நான் போன் எடுக்கிற வேலை பார்க்கலை. மெட்டுக்கு வாயில வந்ததைப் பாடுற வேலை. நீ மாமாவுக்குப் பேசுறது எனக்குக் கேட்கும். பாடும்போது அது வந்துடுச்சு. நான்தான்."

நடந்து வந்து சேர வேண்டிய முறை. அக்கா வந்தாள். முனைகளை வாங்கும்போது இருவர் விரல்களும் பட்டன. அக்காவின் விரல்கள் மரக்கட்டை மாதிரி இருந்தன. மீண்டும் பின்னால் போனாள். இன்னொரு விரிப்பை உதறினாள்.

"எத்தனை நாளா கேட்டுட்டு இருந்தே?"

"வந்ததுல இருந்து."

"எல்லாத்தையுமா?"

அவள் தலை குனிந்தாள். இயந்திரம் ஒன்று தண்ணீரைக் கொட்டி ஓய்ந்தது.

"உன்னை வேர்க்காம உட்கார வைக்கணும்னுதான் நினைச்சேன்" என்றாள் அக்கா, யாரிடமோ சொல்வது மாதிரி. பிறகு, "அவர் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பாரா?"

"டூர்ல அவர்தான் லைட் போடுறாராம் அக்கா. அந்தப் பாட்டுக்கே."

"என்ன கலரு?"

"நீலம்."

அக்கா விரிப்பை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோடி டவல்களோடு திரும்பி வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, வாய்வரை வந்த கிண்டலை விழுங்கிவிட்டாள்.

"போகாதே அக்கா."

"லீவு சொல்லியாச்சு" என்றாள் அக்கா. "நீ கிளம்பு."

சனிக்கிழமை அக்கா போனாள். பழைய துணியைத்தான் உடுத்திக்கொண்டாள். ஞாயிறு மத்தியானம் திரும்பி வந்தாள். முகம் கழுவினாள், தண்ணீர் குடித்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள். தங்கை தடுப்பின் ஓரத்தில், அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் நின்றாள். கேட்கத் துணிவில்லை. அக்காவாகவே ஆரம்பித்தாள்.

"கூட்டத்துக்குப் பின்னாடி பரண் மாதிரி கட்டி, அது மேல லைட் போர்டு வச்சிருந்தாங்க. ஜோடி யார் யார்கிட்டயோ சண்டை போட்டு என்னை அங்க கொண்டுபோய் விட்டா. முதுகைத்தான் பார்த்தேன். முடி கொட்டியிருக்கு. அந்தப் பாட்டு வந்துச்சு. அந்த வரி வரும்போது பக்கத்துல இருக்கிறவன்கிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே போர்டுல ஒரு பிடியைத் தள்ளினாரு. நீலமா விழுந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

"பேசினியா அக்கா?"

"முடிஞ்சதும் கூப்பிட்டேன். எப்படி வந்தே, யாரோட வந்தேன்னு கேட்டாரு. கோபமெல்லாம் இல்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தாரு. பாட்டு நல்லா இருக்கேன்னேன். செம ஹிட்டு, எங்க போனாலும் ஒன்ஸ்மோர் கேக்கிறாங்கன்னாரு." அக்கா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "மூணாம் படின்னா என்னங்கன்னு கேட்டேன். வாய் விட்டே கேட்டுட்டேன்டி. காதல்ல மூணாவது கட்டமாம், கவிஞர் டிவியில சொன்னாராம்."

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

"கேட்டும் வரலையேன்னு நினைச்சுட்டுப் போனேன். அப்படிக்கூட இல்லை. அவருக்கு அது பாட்டு, அவ்வளவுதான். நான் அனுப்பினது எதையும் திறந்துகூடப் பார்க்கலை போல. இத்தனை நாள் அவருக்குன்னு பேசினதெல்லாம் உன் காதுலதான் விழுந்திருக்கு."

அதில் குற்றச்சாட்டு இருந்ததா, இல்லையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அது நடந்தது.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் ஒரு புது மெட்டு கொடுத்திருந்தார். அன்று அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களைப் பாடிவைத்துவிட்டு வந்திருந்தாள். "டம்மிக்கே டம்மியா?" என்று டிரம்ஸ்காரர்கூடக் கேலி செய்தார். அந்த மெட்டு இப்போது அவளைக் கேட்காமலே தலைக்குள் ஓடத் தொடங்கியது. முதுகைத்தான் பார்த்தேன், முதுகைத்தான் பார்த்தேன் என்று அக்காவின் சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்த் தாளத்தில் உட்கார்ந்தன. பல்லைக் கடித்தாள். வேறெதையாவது நினைக்கப் பார்த்தாள். எதிரே அக்காவின் முகம் இருந்தது, அவளை வளர்த்த முகம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமா விழுந்துச்சு என்பது இரண்டாவது அடியாக வந்து கச்சிதமாகச் சேர்ந்தது.

இது என்ன மாதிரி பிறவி என்று அவளுக்கே அவளைப் பார்த்துப் பயம் வந்தது.

"என்னடி முணுமுணுக்கிறே?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லை."

அக்கா அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.